முதல் சம்பளம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை?

புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் என் மேசைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “மேடம், சம்பளம் எப்போ போடுவீங்க?” மாதக் கடைசி என்றோ ஏழாம் தேதி என்றோ பதில் சொல்வோம். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் கணக்கு எடுப்பீர்கள் என்று கேட்கிறவர் அபூர்வம். முதல் மாதத்தில் வருகிற மனத்தாங்கல்களில் பாதிக்குமேல் அந்தக் கேட்காத கேள்வியிலிருந்துதான் முளைக்கிறது.

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. அதற்கு முன்பு சங்கரன்கோவிலிலிருந்து பெட்டியோடு சென்னைக்கு வந்து, வேறு இடங்களில் வேலை பார்த்து, வேலை மாறி மாறித்தான் இங்கே வந்தேன். அதனால் சம்பளத்துக்குக் காத்திருந்தும் பழக்கம், சம்பளம் போட்டும் பழக்கம். இங்கே சொல்வதெல்லாம் அந்த இரண்டு பழக்கத்திலிருந்தும் வந்தவை.

மூன்று தேதிகளைத் தனித்தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை செய்த வேலைக்கு இந்தப் பணம் என்பது சம்பளக் காலம். எந்த நாளுக்குள் வந்த விவரங்களை வைத்து இந்த மாதப் பட்டியலை மூடுகிறார்கள் என்பது கட்-ஆஃப். பணம் கணக்கில் விழுவது சம்பளத் தேதி. பழைய ஆட்களுக்கு மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தொகை வருவதால் இந்த மூன்றும் வேறு வேறு என்பதே மறந்துபோயிருக்கும். பக்கத்து சீட்டு அண்ணனிடம் கேட்டால், “ஒண்ணாந்தேதி வந்துரும்பா” என்று நல்லெண்ணத்தோடு சொல்வார். அவருக்கு வரும். உங்களுக்கு வருமா என்பது நீங்கள் சேர்ந்த தேதியைப் பொறுத்தது.

மாதம் 20 தாண்டினால் எங்கள் பிரிவில் பேச்சு குறைந்துவிடும். பஞ்ச் மெஷின் விவரம், ஷிஃப்ட் மாற்றம், ஓ.டி. (கூடுதல் நேர வேலை), லீவு, கேன்டீன் பிடித்தம், அட்வான்ஸ் பிடித்தம் எல்லாம் வந்து சேரவேண்டும். 25-ம் தேதியோடு வருகைக் கணக்கை மூடுவோம். அதன்பின் பட்டியலை ஓட்டி, போன மாதத்தோடு ஒப்பிட்டு, தொகை எக்கச்சக்கமாக மாறியிருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிறகு ஃபைனான்ஸ் சரிபார்ப்பார்கள், இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும், வங்கிக்கு ஃபைல் போகும். மாதக் கடைசியில் பணம் விழவேண்டுமானால் 25-க்குப் பிறகு எதையும் நுழைக்க இடமிருக்காது. கட்-ஆஃப் வைத்திருப்பது யாரையும் காக்க வைக்க இல்லை. ஆனால் காத்திருப்பது என்னவோ புதியவர்தான்.

நம் ஊர்த் தொழிற்சாலைகளில் “26 டு 25” என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். சில இடங்களில் “21 டு 20”. இதைக் கேட்டதும் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு வழக்கங்கள் ஓடுகின்றன.

முதல் வகையில் சம்பளமே 26 முதல் 25 வரைக்கும்தான். ஜூன் சம்பளம் என்றால் மே 26 முதல் ஜூன் 25 வரை. இரண்டாம் வகையில் சம்பளம் 1-ம் தேதி முதல் மாதக் கடைசி வரைக்கும்; லீவு, ஓ.டி. மட்டும் 26 முதல் 25 வரை எடுத்துக்கொள்வார்கள். 25-க்குப் பிறகு வரும் நாட்களுக்கு நீங்கள் வேலைக்கு வருவீர்கள் என்று வைத்துக்கொண்டு பணம் போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் லீவு எடுத்திருந்தால் அடுத்த மாதம் பிடிப்பார்கள்.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும்? மாதம் மொத்தச் சம்பளம் 24,000, அதில் அடிப்படை 15,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 17 அன்று சேருகிறார் ஒருவர். 30 நாள் கணக்கில் ஒரு நாளுக்கு 800 ரூபாய். முதல் வகைக் கம்பெனியில் ஜூன் 17 முதல் 25 வரை 9 நாள், 7,200 ரூபாய். 9 நாளைக்கான அடிப்படை 4,500. அதில் 12 சதவீதம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 540 போக, கைக்கு 6,660. இரண்டாம் வகைக் கம்பெனியில் 17 முதல் 30 வரை 14 நாள், 11,200 ரூபாய். பி.எஃப். 840 போக 10,360. சேர்ந்த தேதியும் சம்பளமும் சம்பளத் தேதியும் ஒன்றேதான். இருந்தும் முதல் மாதத்தில் 3,700 ரூபாய் இடைவெளி. ஊரிலிருந்து வந்து பிஜி-யில் தங்கியிருக்கிற பையனுக்கு 3,700 என்பது மாதச் சாப்பாட்டுச் செலவு.

முதல் வகையில் அந்த 5 நாள் பணம் போய்விடவில்லை. ஜூலைப் பட்டியலில் ஜூன் 26-லிருந்து கணக்குத் தொடங்கும்போது உள்ளே வந்துவிடும். அப்படியானால் ஜூலையில் ஒரு மாதச் சம்பளத்தோடு 5 நாள் கூடுதலாக வருமா என்று கேட்பார்கள். வராது. ஜூலைச் சம்பளம் ஜூலை 25-டன் நின்றுவிடும். ஐந்தாறு நாள் சம்பளம் எப்போதும் கம்பெனியிடம் பின்தங்கியே இருக்கும். வேலையை விடும்போது செட்டில்மென்டில்தான் அது கைக்கு வரும். இதை முதல் நாளே யாராவது உட்காரவைத்துச் சொன்னால் நல்லது. சொல்லமாட்டார்கள்.

மாதச் சம்பளத்தை எத்தனை நாளால் வகுக்கிறார்கள் என்பதும் உண்டு. சில இடங்களில் எல்லா மாதத்துக்கும் 30. சில இடங்களில் அந்தந்த மாதத்து நாள், 28, 30, 31. தொழிற்சாலைகளில் ஞாயிறுகளை விட்டுவிட்டு 26. 24,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 923 வரும். 31-ஆல் வகுத்தால் 774. 26 என்றதும் சந்தோஷப்பட வேண்டாம், ஞாயிறுக்குப் பணம் கிடையாது. 17 முதல் 25-க்குள் ஒரு ஞாயிறு போக 8 நாள், சுமார் 7,385. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் 30-ஆல் வகுத்துவிட்டு ஞாயிறையும் கழித்திருந்தால் அது தவறு, போய்க் கேளுங்கள். அப்படி ஒரு பேஸ்லிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

கட்-ஆஃபுக்குப் பிறகு சேர்ந்தவர்களின் கதை வேறு. சென்னையில் என் முதல் வேலையில் மாதத்தின் கடைசி வாரத்தில்தான் சேர்ந்தேன். அந்தச் சின்ன அலுவலகத்தில் சம்பளத் தேதி 1 என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றாம் தேதி காலையில் சுற்றிலும் எல்லோருடைய போனும் ஒலித்தது, என்னுடையது ஒலிக்கவில்லை. கணக்குப் பார்க்கிற சார் தலையைத் தூக்காமலே, “உனக்கு அடுத்த மாசம் சேத்து வரும்மா” என்றார். அவரைப் பொறுத்தவரை அது சாதாரண விஷயம். ஹாஸ்டல் அக்காவுக்கு அது சாதாரண விஷயமாக இல்லை. அப்பாவுக்குப் போன் செய்து பணம் கேட்டபோது, “வேலைக்குத்தானம்மா போயிருக்க?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

கணக்காகச் சொன்னால் இப்படி. புதியவர்களுக்கான கட்-ஆஃப் 20 என்று வைத்திருக்கிற கம்பெனியில் ஜூன் 24 அன்று சேருகிறீர்கள். ஜூன் பட்டியலில் உங்கள் பெயரே இருக்காது. ஜூன் மாதத்து 7 நாளும் ஜூலை முழுவதும் சேர்ந்து 5,600 அரியராகவும் (பழைய பாக்கி) 24,000 சம்பளமாகவும் வரும். சம்பளத் தேதி ஜூலை 31 என்றால் ஐந்து வாரத்துக்குமேல் காத்திருப்பு. அடுத்த மாதம் 7-ம் தேதி என்றால் ஆகஸ்ட் 7 வரைக்கும், ஆறு வாரம் தாண்டிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மாதச் சம்பளமானால் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். இதற்கு முன்பு 1936-ம் ஆண்டுச் சட்டப்படி ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 10 நாள் என்று இருந்தது. அதுவும் குறிப்பிட்ட சம்பளத்துக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். ஆகவே 1 முதல் 30 வரை சம்பளக் காலம் வைத்திருக்கிற கம்பெனி, கட்-ஆஃப் முடிந்துவிட்டது என்று காரணம் சொல்லி உங்கள் ஜூன் மாதத்து 7 நாளை ஆகஸ்ட் வரைக்கும் தள்ளுவது சரியில்லை. கட்-ஆஃப் என்பது அலுவலக வசதி, சட்டத்தில் அப்படி ஒரு தேதி கிடையாது.

இதைச் சொன்னதும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். சேர்ந்த வாரத்திலேயே யாரும் அப்படிச் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். நான் பார்த்தவரை பலிக்கிற வழி வேறொன்று இருக்கிறது. பல இடங்களில் மாத நடுவில் சப்ளிமென்டரி என்று ஒரு சின்னப் பட்டியல் ஓட்டுவார்கள், விட்டுப்போன ஆட்களுக்காக. கேட்டவர்கள் பெயர்தான் அதில் ஏறும். “சார், நான் 24-ம் தேதி சேர்ந்தேன், ஜூன் சம்பளம் சப்ளிமென்டரியில் போட முடியுமா, இல்லாவிட்டால் அந்த அளவுக்கு அட்வான்ஸ் கிடைக்குமா” என்று ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். மெயிலில் கேட்டால் எங்களுக்கும் அதைக் காட்டி மேலே ஒப்புதல் வாங்க வசதி. வாயால் கேட்டது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறந்துபோகும்.

சேருகிற தேதியைக் கொஞ்சம் நகர்த்த வாய்ப்பிருந்தால் இன்னும் நல்லது. 24-ம் தேதி சேருவதற்கும் அடுத்த மாதம் 1-ம் தேதி சேருவதற்கும் பணம் வருகிற நாள் ஒன்றேயானால், அந்த ஒரு வாரம் ஊரிலேயே இருந்துவிட்டு வரலாம். பிஜி வாடகை மிச்சம். 18-ம் தேதியே சேர முடியுமானால் முதல் சம்பளம் ஒரு மாதம் முன்னால் வரும். ஆஃபர் லெட்டர் வந்ததும் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தேதி கேட்ட காரணத்துக்காக யாருடைய வேலையும் பறிபோய் நான் பார்த்ததில்லை.

பணம் வராத அந்த வாரங்களைக் குறிவைத்தே லோன் ஆப்கள் இருக்கின்றன. ஆதாரைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் 5,000 என்பார்கள். கையில் வருவது அதைவிடக் குறைவாக இருக்கும், திருப்பிக் கட்டவேண்டியது கூடுதலாக இருக்கும், தவணை தவறினால் போனில் இருக்கிற எல்லோருக்கும் அழைப்பு போகும். எங்கள் லைனில் ஒரு தம்பிக்கு அப்படி ஆகி, அவன் தங்கையின் வீட்டுக்காரர் வரைக்கும் போன் போனது. சித்தப்பாவிடமோ தெரிந்த அண்ணனிடமோ கைமாற்று வாங்குவதில் ஒரு சின்ன அவமானம் இருக்கலாம், அதோடு முடிந்துவிடும். பைக் தவணை ஓடிக்கொண்டிருந்தால் அதன் தேதியையும் பாருங்கள். 5-ம் தேதி தவணை, 7-ம் தேதி சம்பளம் என்றால் மாதாமாதம் பவுன்ஸ் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும். தவணைத் தேதியை மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கேட்கலாம்.

அடுத்தது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கென்றே எழுதிவைத்த சிக்கல் இது. ஆதாரில் எஸ். முத்துக்குமார், பான் அட்டையில் முத்துக்குமார் செல்வராஜ், வங்கியில் முத்துகுமார் எஸ், சான்றிதழில் செ. முத்துக்குமார். பான் அட்டைக்கு எழுதும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள்; அப்பா பெயர் அங்கே குடும்பப் பெயராக உட்கார்ந்துவிடும். நமக்கு எல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்போம். அங்கிருந்து வருகிற பெயர் எங்கள் பதிவோடு பொருந்தாவிட்டால் அந்த ஒருவருடைய சம்பளம் நிறுத்திவைக்கப்படும். ஒருவருக்காக மொத்த ஃபைலும் நிற்காது. சரிசெய்து அனுப்ப ஒரு வாரம் ஆனாலும் ஆகும். பி.எஃப். பக்கம் இன்னும் கண்டிப்பு. ஆதாரில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் இருக்க வேண்டும். இப்போது புது யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான எண்) எடுப்பதே அரசின் உமாங் செயலியில் முகத்தைக் காட்டித்தான். ஆதாரில் இருக்கிற போன் நம்பர் அப்பாவுடையதாகவோ தொலைந்துபோன சிம்மாகவோ இருந்தால் அங்கேயே தடைபடும். இதையெல்லாம் சேருவதற்கு முந்தைய வாரத்தில் ஊர் இ-சேவை மையத்தில் சரிசெய்துகொண்டு வருவது சுலபம். சேர்ந்த பிறகு அதற்கு லீவு கேட்க வேண்டும், முதல் மாதத்தில் லீவு என்றால் எல்.ஓ.பி., அதாவது சம்பளம் இல்லாத லீவு.

கம்பெனி திறந்துதருகிற சம்பளக் கணக்கு தயாராக நாளாகும் என்றால், பழைய சேமிப்புக் கணக்கை முதல் மாதத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். காசோலைத் தாளோ பாஸ்புக் முதல் பக்கமோ இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கணக்கு எண்ணைக் கையால் எழுதிக் கொடுக்காதீர்கள். 1-ஐயும் 7-ஐயும் பிரித்தறியாமல் நான் திண்டாடியது உண்டு.

லீவு நாளில் சம்பளம் வருமா என்று பொங்கல், தீபாவளி சமயத்தில் கேட்பார்கள். 2019 டிசம்பரிலிருந்து, வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிற நெஃப்ட் முறை எந்நேரமும் இயங்குகிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல், பலர் சம்பளம் போடப் பயன்படுத்துகிற நாச் முறையும் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் ஓடுகிறது. ஆக வங்கி மூடியிருக்கிறது என்பது இப்போது காரணம் ஆகாது. ஒப்புதல் தரவேண்டியவர் ஊருக்குப் போய்விட்டார் என்பதுதான் நிஜக் காரணமாக இருக்கும்.

ஆஃபர் லெட்டரில் இருக்கும் பெரிய எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆண்டுக்கு 3,18,252 சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று இருந்தால் எல்லோரும் 12-ஆல் வகுப்பார்கள்: 26,521. வீட்டில் அந்த எண்ணைத்தான் சொல்லுவார்கள், பெண் பார்க்கிற இடத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள். அந்த 26,521-க்குள் கம்பெனி கட்டுகிற பி.எஃப். பங்கு 1,800 இருக்கிறது. 15,000 அடிப்படைக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு என்று 721 இருக்கிறது. இரண்டையும் கழித்தால்தான் 24,000 மொத்தச் சம்பளம். அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போக 22,200. முழு மாதம் வேலை பார்த்தால் கைக்கு வருவது இதுதான். 26,521 எந்த மாதமும் வராது. பி.எஃப். உங்கள் பெயரில்தான் சேருகிறது என்பது சரி. பணிக்கொடை பெரும்பாலானவர்களுக்கு ஐந்து வருடம் இருந்தால்தான். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவர்களுக்குப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு வருடத்திலேயே உண்டு. இரண்டு வருடத்தில் வேலை மாறுகிற நிரந்தரப் பணியாளருக்கு அந்த 721 காகிதத்தில் மட்டுமே.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விஷயத்தில் முதல் மாதத்தில் ஒரு குழப்பம் வரும். மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. அந்த வரம்புக்கு மேல் சம்பளம் உள்ளவர் பாதி மாதம் வேலை பார்த்து 11,200 வாங்கினால் அவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. முழு மாதத்துக்குப் பேசிய சம்பளம்தான் கணக்கு, கையில் விழுந்த தொகை கணக்கில் வராது. தவறிப் பிடித்திருந்தால் சேர்ந்த மாதத்திலேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ.-க்குள் வருகிறவர்கள் ஐ.பி. நம்பரை (காப்பீட்டு எண்) முதல் சம்பளம் வரைக்கும் காத்திராமல் சேர்ந்ததுமே கேட்டு வாங்கிவிடுங்கள். மருத்துவ வசதி சேர்ந்த நாள் முதலே உண்டு. மெஷின் ஷாப்பில் விரல் நசுங்குவதற்கு ஒரு மாதம் பொறுத்திருக்கத் தெரியாது.

தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சி அமைப்புகள் வாங்குகின்றன. ஏப்ரல்–செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர்–மார்ச் இன்னொன்று. பெருநகர சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். ஜூன் 17-ல் சேர்ந்த நம் ஆளுக்குச் செப்டம்பர் முடிவதற்குள் இந்தக் கம்பெனி வருமானம் மட்டுமே 75,000-ஐத் தாண்டிவிடும். எனவே செப்டம்பர்ச் சம்பளத்தில் 1,250 ஒரேயடியாகக் குறையும். அப்போது ஒரு கூட்டம் என் மேசைக்கு வரும். பழைய கம்பெனியில் அதே அரையாண்டுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தால் அந்தப் பேஸ்லிப்பைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் உள்ளவர்கள், அதே நிதியாண்டில் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய இடத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் புதிய கம்பெனி உங்களை ஏப்ரலில் வெறுங்கையோடு இருந்தவராக நினைத்துக் கழிவுகளை மறுபடி முழுதாகக் கொடுக்கும். கையில் கூடுதலாக வரும், ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

கான்ட்ராக்ட் ஆட்களாக வருகிறவர்கள் கேட்கவேண்டிய ஆள் நாங்கள் இல்லை. உங்கள் சம்பளத் தேதி கான்ட்ராக்டருடையது. தொழிற்சாலையிலிருந்து பில் பணம் வந்தால்தான் சம்பளம் என்று அவர் சொல்வார். பில் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் கொடுக்கவேண்டியது அவர் பொறுப்பு. அவர் கொடுக்காமல் இழுத்தால் அந்தப் பொறுப்பு தொழிற்சாலை மேல் வரும். ஆகவே நாள் தள்ளிப்போனால் தொழிற்சாலை ஹெச்.ஆர்.-க்கும் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். அப்ரென்டிஸாகச் சேருகிற தம்பி தங்கைகளுக்கு உதவித்தொகையில் அரசின் பங்கு தனியாக, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்குப் போகும். எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருக்கும். அரசு வேலையில் சேருகிறவர்களுக்கு ஒன்று: மார்ச் மாதச் சம்பளம் மார்ச் கடைசியில் வராது, ஏப்ரல் தொடக்கத்தில்தான்.

பழைய கம்பெனியை விட்டு வருகிறவர்களுக்கு இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கும். ராஜினாமா கொடுத்துவிட்டால் கடைசி மாதச் சம்பளத்தை வழக்கமான தேதியில் போடாமல் ஹோல்டில் வைத்து, செட்டில்மென்டோடு தருவது பரவலான பழக்கம். முப்பது, நாற்பத்தைந்து நாள் என்பார்கள். ஊதியச் சட்டத் தொகுப்புப்படி விலகியவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும். பழக்கம் இன்னும் அந்த வேகத்துக்கு வரவில்லை. அதனால் அங்கே கடைசிச் சம்பளம் நின்றுபோய், இங்கே முதல் சம்பளமும் தள்ளிப்போய், நடுவில் இரண்டு மாதம் வெறும் கணக்காக இருக்கலாம் என்று வைத்துத்தான் திட்டம் போடவேண்டும். நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய மாதமே இரண்டு மாத வாடகையையும் தவணையையும் தனியாக எடுத்துவைத்தவர்கள் நிம்மதியாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். புது இடத்தில் சம்பளம் அதிகம் என்ற தைரியத்தில் மாறுகிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே அட்வான்ஸ் கேட்டு வருகிறார்கள்.

முதல் பேஸ்லிப் வந்ததும் கைக்கு வந்த தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் நாட்களைப் பாருங்கள். சம்பள நாள், எல்.ஓ.பி. நாள் என்று இரண்டு எண்கள் இருக்கும். சேர்ந்த தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினால் அவை பொருந்த வேண்டும். முதல் சில நாட்கள் பஞ்ச் கார்டு வராமல் நோட்டில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நாட்கள்தான் அதிகம் விட்டுப்போகும். சேர்ந்த முதல் வாரம் எங்கே கையெழுத்துப் போட்டீர்களோ அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் வாக்குவாதமே வராது. யூனிஃபார்ம், ஷூ, பஸ், கேன்டீன் பிடித்தங்களும் இங்கேதான் தெரியும். பாதி மாதம் வந்தவருக்கு முழு மாத பஸ் கட்டணம் பிடித்திருந்தால் கேளுங்கள், பெரும்பாலும் திருப்பித் தருவார்கள்.

இரண்டாவது மாதப் பேஸ்லிப்பில் அரியர் என்ற வரி இருக்கவேண்டியவர்களுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தானாக வந்துவிடும் என்று விடாதீர்கள். அரியர் நாட்களைச் சிஸ்டத்தில் யாராவது கையால் ஏற்றினால்தான் வரும். இரண்டு மாதம் தாண்டிவிட்டால் தேடி எடுப்பது எங்களுக்கும் கஷ்டம்.

அதே மாதம் பி.எஃப். பாஸ்புக்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள். போன மாதத்துப் பணத்தை இந்த மாதம் 15-ம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும், அதனால் 20-க்கு மேல் பார்த்தால் போதும். தொகையோடு சேர்ந்த தேதியையும் பாருங்கள். கட்-ஆஃப் தாண்டிச் சேர்ந்தவர்களுக்கு, சம்பளம் முதலில் வந்த மாதத்தின் 1-ம் தேதியைச் சேர்ந்த தேதியாக ஏற்றிவிடுவது நடக்கிறது. இப்போது ஹெச்.ஆர்.-க்கு ஒரு மெயிலில் முடிகிற வேலை அது. பல வருடம் கழித்துப் பணத்தை எடுக்கவோ மாற்றவோ போகும்போது கண்ணில் பட்டால், கூட்டு அறிவிப்புப் படிவம், பழைய நியமன ஆணை என்று எல்லாவற்றையும் தேடிக்கொண்டு, அதற்குள் அந்தக் கம்பெனியில் யார் ஹெச்.ஆர். என்றுகூடத் தெரியாமல் அலைய வேண்டியிருக்கும்.